கடுகண்ணாவைக் கோபுரமும் வழியோரக் கற்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியிலே மாவனெல்லையைத் தாண்டியதும் வழி மேலேறத் தொடங்குகின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வளைவுகள் பலவற்றைக் கடந்து மலையின் விளிம்பிலே நாம் சென்று சேருகின்ற சிற்றூர் கடுகண்ணாவை. கண்டி நகருக்கு அங்கிருந்து பத்து மைல் அளவே உண்டு. அவ்வூரில் வீதியோரமாக ஓர் உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. அதனை முதன்முறை காண்போர், கடலே இல்லாத மலையுச்சியில் வெளிச்சவீடு எதற்கு என்று வியப்பதுண்டு. அது வெளிச்சவீடன்று, ஒரு மனிதரின் நினைவுச்சின்னம். டோசன் கோபுரம் என்பது அதன் பெயர்.

இலக்கியம் பற்றிய தொடரிலே வீதியைப் பற்றியும் கோபுரத்தைப் பற்றியும் பேசுவது எவ்வாறு பொருந்தும் என நேயர்கள் வினவலாம். கல்லிலே பொறிக்கப்பட்டதும் ஒரு பனுவலே. அதற்கும் ஆசிரியன் உண்டு. பாட்டுடைத் தலைவன் உண்டு. அது சொன்ன பொருளும் உண்டு, சொல்லாமல் விட்ட பொருளும் உண்டு. ஏட்டில் உள்ளதைப் படிப்பதற்குக் காட்டும் கவனத்தை வழியோரக் கல்லைப் படிப்பதற்கும் நாம் காட்டுதல் வேண்டும்.

முதலிலே அக்கோபுரத்தின் வாசகத்தை நோக்குவோம். அது ஆங்கிலத்திலே அமைந்தது. அதன் பொருள் வருமாறு: தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவர்களின் ஆட்சிக் காலத்தில் இலங்கையிலே அரச பொறியியற் படைக்குத் தலைமை தாங்கியவர் கப்டன் டபிள்யூ. எப். டோசன். தமது அறிவாலும் திறமையாலும் இவ்வீதியையும் பொதுப்பயன் தரும் ஏனைய வேலைகளையும் திட்டமிட்டு நிறைவேற்றியவர் அவரே. அவர் 1829ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி கொழும்பிலே காலமானார். அவருடைய நண்பரும் அவரை மதிப்போருமாகிய சிலர் 1832ஆம் ஆண்டில் இதனை எழுப்பினர். இவ்வளவே வாசகம். கோபுரமோ ஏறத்தாழ 125 அடி உயரமுடையது. உள்ளே மரத்தாலான சுழற்படி உண்டு. கொழும்பிலே இறந்த நண்பனுக்கு, அவன் உழைத்த மலையின் உச்சியிலே சின்னம் எடுத்தவர்களின் அன்பை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. டோசனின் திறமையும் மறுக்கத் தக்கதன்று. அவர் வகுத்த வழியே இன்றும் நாம் செல்லும் வழி.

ஆயினும் அவ்வாசகத்திலே ஒரு வினைச்சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. 'நிறைவேற்றியவர்' என்பதே அச்சொல். மலையை வெட்டி வீதியை நிறைவேற்றியவர் ஒருவர்தாமா?

இங்கே நமது இலக்கணம் துணைக்கு வருகின்றது. மூன்றாம் வேற்றுமையைப் படிக்கும் மாணவர் கருத்தாப் பொருளை இரண்டாக வகுத்துப் படிப்பர். அரசனாற் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனாற் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. இரு தொடர்களிலும் 'ஆல்' என்னும் உருபு ஒன்றே. 'கட்டப்பட்ட' என்னும் வினையும் ஒன்றே. வேறுபாடு சொல்லில் இல்லை, உலகத்தில் இருக்கின்றது. ஆகவே, அதனைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் வாசகனே. பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்துவிடும் இச்சிறு பாகுபாடு, நாட்டிலுள்ள நினைவுக் கற்களையெல்லாம் படிப்பதற்குரிய திறவுகோல் எனலாம். கற்களிலே பெரும்பாலும் எழுதப்படுபவன் ஏவுதற் கருத்தா. இயற்றுதற் கருத்தாவைத் தேட வேண்டியவர்கள் நாம்.

அவ்வாறு தேடுவோமாயின், இவ்வீதி ஏன் எழுந்தது என்பதிலிருந்து தொடங்குதல் நன்று. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியின்மீது படையெடுத்துத் தோற்றனர். காடும் மலையும் காய்ச்சலுமே கண்டியரசின் மதில்களாக இருந்தன. அதற்கு முன்னர் போர்த்துக்கேயரும் இதே மலைவாயிலில், அருகிலுள்ள பலனைக் கோட்டையில் பலமுறை போரிட்டவர்களே. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. இம்முறை மலைநாடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது பிரதானிகளின் மனம் மாறியதனாலேயே. ஆனால் 1817, 1818ஆம் ஆண்டுகளிலே மலைநாடு கிளர்ந்தெழுந்தது. அக்கிளர்ச்சியை அடக்குவதற்கு ஆங்கிலேயர் பெரும் இழப்பை ஏற்க நேர்ந்தது. படையும் பீரங்கியும் விரைந்து செல்லக்கூடிய வீதி இல்லாமல் இந்நாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதை அப்போது உணர்ந்தனர். 1820ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. பின்னாளில் வீதி ஆணையாளராகப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர், பதினாறு வயது இளைஞராக அவ்வேலையிலே இறக்கப்பட்டவர்.

வெட்டியவர்கள் யார்? கண்டியரசிலே இராஜகாரியம் என்றொரு முறை இருந்தது. நிலத்தை அனுபவிப்போர் அதற்கீடாக அரசனுக்குச் சேவை செய்தல் வேண்டும் என்பதே அது. மரபினால் வரையறை பெற்றிருந்த அக்கடமையைப் பார்ன்ஸ் தமது வீதிகளுக்குப் பயன்படுத்தினார். ஊர் ஊராக மக்கள் அழைக்கப்பட்டனர். வயலை விட்டு வந்தவர்கள் பாறையை உடைத்தனர், மண் சுமந்தனர், மரம் வீழ்த்தினர். இவர்களோடு படைப்பிரிவைச் சேர்ந்த முன்னோடித் தொழிலாளரும் ஆபிரிக்க வம்சாவளியினரான காப்பிலிப் படையினரும் உழைத்தனர். கூலி பெறாமல் உழைத்தவன் பெயரைக் கூலிப் பட்டியலும் எழுதாது. இவர்களுள் ஒருவர் பெயரையும் கடுகண்ணாவைக் கோபுரத்திலே காணோம்.

இனி ஆண்டுகளைக் கவனிப்போம். கோபுரம் எழுந்தது 1832. அதே 1832ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைகள் இழுக்கும் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அதே 1832ஆம் ஆண்டிலேதான் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைக்கிணங்க இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. வீதியைத் திட்டமிட்டவருக்குக் கல் எழுந்த ஆண்டும், அதை வெட்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிய ஆண்டும் ஒன்று. இவற்றுள் ஒரு செய்தியை மாத்திரமே வழிப்போக்கன் இன்று வீதியோரத்திலே படிக்கின்றான்.

இவ்வொழிப்பும் நீண்ட காலம் நிலைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதியில் வேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். அதன் தலைவர்களுள் ஒருவராகிய புரன் அப்பு, 1848 ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வீதி என்பது இந்நாட்டு மக்களின் முதுகிலே எத்தகைய பாரமாக இருந்தது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

கோபுரத்துக்குக் கீழே, கொழும்புப் பக்கமாக, மற்றுமொரு சின்னம் உண்டு. அது பாறையைத் துளைத்துச் செய்த வழி. ஒரு காலத்திலே வண்டிகளெல்லாம் அத்துளையினூடாகவே சென்றன. இன்று வாகனங்கள் பெருத்துவிட்டமையால் வீதி பாறைக்குப் புறத்தே வளைந்து செல்கின்றது. துளை மாத்திரம் வரலாற்றுச் சின்னமாக நிற்கின்றது. அதனைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. மலையைத் துளைத்து வழி செய்பவன் வரும் வரையில் கண்டி அந்நியருக்கு வசப்படாது என்று முன்னோர் சொல்லியிருந்தனராம், ஆங்கிலேயர் பாறையைத் துளைத்தனராம், கண்டி வீழ்ந்ததாம்.

கதை அழகானதுதான். ஆனால் ஆண்டுகள் அதற்கு இடந்தரவில்லை. கண்டியரசு 1815ஆம் ஆண்டிலே முடிந்துவிட்டது. பாறையிலே உளி பட்டது அதற்குப் பின்னர். அப்படியாயின் கதை பொய்யா? வரலாற்றாசிரியன் பொய்யென்று தள்ளலாம். இலக்கிய மாணவன் அவ்வாறு தள்ளுதல் ஆகாது. நாட்டை இழந்த மக்கள் அவ்விழப்புக்கு ஒரு காரணம் வேண்டி நின்றனர். பிரதானிகளின் பிளவும் ஒப்பந்தத்தின் கையெழுத்தும் மனத்துக்கு ஆறுதல் தருவனவல்ல. துளைக்கவே முடியாத பாறை துளைக்கப்பட்டதனால் வீழ்ந்தோம் என்று சொல்லும்போது தோல்வியிலும் ஒரு மானம் மிஞ்சுகின்றது. அன்றியும் அப்பாறையைத் துளைத்த கைகள் அம்மக்களுடைய கைகளே. தம் நாட்டின் வாயிலைத் தாமே திறக்கும்படி ஏவப்பட்டவர்களின் துயரம் அக்கதையிலே மறைந்து கிடக்கின்றது எனக் கொள்ளலாம். கோபுரத்தின் வாசகம் சொல்லாததை இவ்வாறு வாய்மொழி சொல்லிவிடுகின்றது.

ஊர்ப்பெயரையும் இவ்வாறே நோக்கலாம். சிங்களத்திலே 'கடு' என்பது வாள். 'கன்னவா' என்பது எடுத்தல் அல்லது வாங்குதல். கண்டிக்குச் செல்வோரிடம் வாளை வாங்கி வைத்த இடம் என்று மக்கள் இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இதுவும் எழுத்தில்லாத ஒரு கல்வெட்டே. எல்லை என்னும் உணர்வு அரசு போன பின்னரும் பெயரிலே நிற்கின்றது.

இவ்வழியிலே நம்மவர் மனத்தை ஈர்க்கும் இன்னொரு சின்னம் அம்பலம. தூண்கள் தாங்கிய கூரையும் அமர்வதற்குத் திண்ணையும் உடைய வழிப்போக்கர் தங்குமிடம் அது. கடுகண்ணாவை அம்பலம இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. நமது அம்பலம் என்னும் சொல்லும் சிங்களத்தின் அம்பலம என்னும் சொல்லும் உறவுடையன என்பதை எவரும் எளிதில் உணர்வர். ஒரு மொழியிலே அது ஊர் கூடும் வெளி. மற்ற மொழியிலே வழிநடந்தவன் களைப்பாறும் நிழல். பொருள் சிறிது விலகினும், எல்லோருக்கும் திறந்த இடம் என்னும் கருத்து இரண்டிலும் பொதுவாக உள்ளது. கதவில்லாத கட்டடம் அல்லவா அது!

இனிப் புகையிரதப் பாதை. கண்டிக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1867. கடுகண்ணாவை ஏற்றத்திலே ஏறத்தாழ 45 அடி முன்செல்ல 1 அடி உயரும்படி பாதை அமைந்துள்ளது. பாறை விளிம்பிலே புகையிரதம் ஊரும்போது யன்னலால் எட்டிப் பார்ப்போர்க்குக் கீழே அதலபாதாளம் தெரியும். இப்பாதையை வெட்டியோரில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். காய்ச்சலாலும் விபத்தாலும் மாண்டோர் பலர். இலங்கைப் புகையிரத சேவை 150 ஆண்டுகளை நிறைவு செய்தபோது, 2014ஆம் ஆண்டில், கடுகண்ணாவை நிலையத்தருகே தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் அங்கே பேணப்படுகின்றன. இயந்திரத்துக்கு இலக்கமும் உண்டு, பெயரும் உண்டு. தண்டவாளத்துக்குக் கீழே கல் பரப்பியவனுக்கோ இரண்டும் இல்லை.

இதே காலத்திலே கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழ் மக்கள் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். அவர்களும் வழியிலே பெருந்தொகையாக மாண்டனர். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே எழுதி, சக்தி பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் கவிதையின் ஆழ்ந்த துயரம் இதுவே: தேயிலைக்கு அடியிலே புதையுண்டு போன முன்னோருக்கு ஒரு நினைவுக் குறியும் இல்லை என்பது. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடைபயணம் சென்றனர். கல் இல்லாத இடத்திலே கால்களால் எழுதிய நினைவு அது.

ஏவியவர்கள் அந்நியராக இருந்தமையால் இவ்வாறு நேர்ந்தது என்று எவரும் முடிவு கட்டிவிடுதல் வேண்டா. கண்டி நகருக்கு அழகு செய்யும் வாவியை 1807ஆம் ஆண்டில் அமைப்பித்தவன் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். வயலாகக் கிடந்த நிலத்தை வாவியாக்கியவர்களும் இராஜகாரியத்துக்கு வந்த மக்களே. அங்கும் மன்னன் பெயரே நிற்கின்றது. ஏவுதற் கருத்தா எந்த இனத்தவனாயினும் இயற்றுதற் கருத்தா மறைந்தே போகின்றான்.

நமது பழந்தமிழ் மரபு கல்லை வேறு வகையாக அணுகியது. தொல்காப்பியம் புறத்திணையியலிலே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நாட்டும் முறை படிப்படியாகக் கூறப்படுகின்றது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்கள் இம்முறையைப் பின்பற்றியமைந்தவை என்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். நடுகல் பெரும்பாலும் ஏவிய மன்னனுக்கு எழுந்ததன்று. ஊரின் ஆநிரையை மீட்கப் போய் அம்புபட்டு வீழ்ந்த எளிய வீரனுக்கு எழுந்தது. அவன் பெயரும் செயலும் கல்லிலே பொறிக்கப்பட்டன. அக்கல் நின்றதும் வழிப்போக்கர் செல்லும் பாலை வழியிலேதான். வழிச்செல்வோர் அம்பைத் தீட்டித் தீட்டி எழுத்துத் தேய்ந்துபோன நடுகல்லையும் அகப்பாடல் ஒன்று காட்டுகின்றது. எழுதிய பெயரும் அழியும் என்பதைப் புலவன் அன்றே கண்டிருக்கின்றான்.

எழுத்தே இல்லாத நினைவுக் கல்லும் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்து வீதியோரங்களிலே நின்ற சுமைதாங்கிகளை நேயர்கள் அறிவீர்கள். தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, ஆள் உயரத்திலே நிறுத்திய கல் அது. கருவுற்ற நிலையிலே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது நம்மவர் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் சுமை இறக்குவதற்கு ஒரு கல். அதிலே பெயர் இல்லை, புகழுரை இல்லை. இன்னாருக்காக நாட்டியது என்று ஊர் சொல்லும், அவ்வளவே. புகழை உயரத்திலே தூக்கி வைக்கும் கோபுரமும், பிறர் பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் சுமைதாங்கியும் நினைவுச்சின்னங்களே. எனினும் இரண்டும் மனிதனைப் பற்றி எண்ணிய முறை வேறு.

ஆனால் இதிலே ஓர் இடர் உண்டு. எழுத்தில்லாத கல் ஊரின் வாயிலே உயிர் வாழ்வது. ஊர் பெயர்ந்தால் அதன் உயிரும் பெயர்ந்துவிடும். 1995ஆம் ஆண்டில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் பல சென்று மீண்டோரிடையே, எந்தச் சுமைதாங்கி யாருக்காக நின்றது என்று சொல்லக்கூடிய முதியவர் பலர் இல்லை. பின்னர் வீதிகளை அகலமாக்கியபோது அகற்றப்பட்ட கற்களும் உண்டு. சொல்ல ஆளில்லாதபோது சுமைதாங்கி வெறுங் கல்லாகிவிடுகின்றது. கடுகண்ணாவைப் பாறையை உடைத்தவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர்களை அறிந்த ஊர்கள் அவர்களைச் சொல்லி வந்தன, சொல்லியவர்கள் மறைந்தனர், யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்பட்ட டோசன் பெயரோ இருநூறு ஆண்டுகளை எட்டுகின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? கோபுரத்தை இடிக்க வேண்டியதில்லை; அதன்மீது கோபங்கொள்ள வேண்டியதுமில்லை. அதனை முழுமையாகப் படித்தால் போதும். வீதியோரத்திலே ஒரு கல்லைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதனை நாட்டியவர் யார்? யாருக்காக நாட்டினர்? எந்த மொழியிலே எழுதினர்? எவரை எழுதாது விட்டனர்? ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஊரிலுள்ள மடம், கேணி, சுமைதாங்கி, பாலம் ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பேடு எழுதுவிக்கலாம். கட்டுவித்தவர் பெயர் பெரும்பாலும் கல்லிலேயே இருக்கும். கட்டியவர் பெயரை முதியோரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஒரு கொத்தனார் பெயர், கல்லுடைத்த ஒருவரின் பெயர், அவருடைய ஊர் கிடைத்தாலும் அது பெரும் பேறு. அப்பெயர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்குதல் வேண்டும்.